பூட்டிய அலுவலகமும் எண் இல்லாத வண்டியும்

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவே நாடு முழுவதும் ஊரடங்கு. மற்ற அலுவலகங்களைப் போலவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் முடங்கின. அதற்கு முந்தைய நாட்களில் பணம் கட்டிப் புது வண்டி எடுத்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அவர்களிடம் விற்பனைச் சான்று இருந்தது, காப்பீடு இருந்தது, வங்கிக் கடனின் முதல் தவணைத் தேதியும் குறித்தாகிவிட்டது. வண்டியின் முன்னும் பின்னும் டி.ஆர். எனப்படும் தற்காலிகப் பதிவு எண் மட்டும்தான் இருந்தது. அப்போதைய சட்டப்படி அதன் ஆயுள் ஒரு மாதம். அதற்குள் ஆர்.டி.ஓ. ஆபிஸ் திறக்கவில்லை என்றால் அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

ஒரு காரியத்தைக் கட்டாயம் என்கிறது அரசு. அதைச் செய்து முடிக்க ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறது. பிறகு அந்த இடத்தை அதுவே பூட்டுகிறது. அப்போது குடிமகனின் கடமை என்ன ஆகிறது? அது தீர்ந்துவிடுகிறதா, தள்ளிப்போகிறதா, அப்படியே அவன் தலையில் நிற்கிறதா? கொள்ளைநோய்க் காலம் போய்விட்டது, கேள்வி போகவில்லை. வெள்ளம் வந்தால் அலுவலகம் மூடும், ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் மூடும், சர்வர் படுத்துவிட்டால் திறந்திருக்கும் அலுவலகமும் மூடியதற்குச் சமம்தான்.

‘ஆபிஸே மூடிக் கிடக்கு, நான் என்ன பண்றது?’ என்பது வண்டிக்காரரின் பதில். ‘நம்பர் இல்லாம ரோட்டுக்கு வந்தா தப்புதான்’ என்பது சாலையில் நிற்கும் காவலரின் பதில். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே பதிவு எதற்காக என்பதைக் கேட்காமல் பேசுகின்றன.

வாகனப் பதிவு என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது சாலை வரி. அரசு காசு வசூலிக்க வைத்திருக்கும் ஒரு சுங்கச்சாவடியாகவே அது தெரிகிறது. ஆனால் அந்நாளில் பதிவு அன்று நடந்ததைக் கிட்டே நின்று பார்த்திருந்தால் வேறொன்று புரிந்திருக்கும். வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அந்தத் துண்டு விண்ணப்பத்தோடு சேரும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரார் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் குனிந்து, பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பார். இத்தனை சிரத்தையும் ஒரே காரணத்துக்காகத்தான்: இந்த இரும்புக்கு இவர் பொறுப்பு என்று முடிச்சுப் போட.

அந்த முடிச்சால் யாருக்குப் பயன்? உரிமையாளரைவிட, அந்த வண்டி இடித்துத் தள்ளக்கூடிய முகம் தெரியாத மனிதருக்குத்தான் அதிகம். 2020இல் இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைத்த நிவாரணம் 25,000 ரூபாய். பலத்த காயம் என்றால் 12,500. 2022 ஏப்ரல் முதல்தான் அவை 2 லட்சமாகவும் 50,000ஆகவும் உயர்ந்தன. வண்டி அடையாளம் தெரிந்தால் கதை வேறு. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்துத் தீர்ப்பாயம் கணக்கிடும். அது பல லட்சங்களுக்குப் போகும். ஒரு குடும்பத்தின் வாழ்வு, பார்த்தவர் ஒருவர் எண் பலகையைப் படிக்க முடிந்ததா இல்லையா என்பதில் தொங்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வண்டிக்காரரின் பதிலையும் காவலரின் பதிலையும் சரியாக எடைபோடலாம்.

முதலில் காலக்கெடு. இங்கே வண்டிக்காரர் பக்கம்தான் நியாயம் முழுமையாக இருக்கிறது. சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. 1897ஆம் ஆண்டின் பொது உறுப்புகள் சட்டத்தில் 10ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்தாக வேண்டிய காரியம் இருந்து, கடைசி நாளன்று அது மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். ஒருவரால் செய்யவே முடியாததைச் செய் என்று சட்டம் கட்டாயப்படுத்தாது என்பது மிகப் பழைய கோட்பாடு. 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், யாரும் கேட்காமல் தானாகவே முன்வந்து, வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்புகளை மார்ச் 15 முதல் நீட்டித்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 30 அன்று, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான தகுதிச் சான்று, பெர்மிட், ஓட்டுநர் உரிமம், பதிவு முதலிய ஆவணங்கள் ஜூன் 30 வரை செல்லும் என்றது. பிறகு அந்தத் தேதி ஒவ்வொரு படியாக நகர்ந்து 2021 அக்டோபர் 31 வரை போனது.

அந்தக் கடிதத்தின் நிழலில் நன்றாக ஒதுங்க முடிந்தவர், ஏற்கெனவே ஆவணம் வைத்திருந்தவர். நிரந்தர எண்ணே வாங்காதவர், தன் தற்காலிகப் பதிவும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கும் என்று வாதாட வேண்டியிருந்தது. வாதாடும் இடம் நீதிமன்றம் அன்று, சோதனைச் சாவடி. நெருக்கடியில் அரசு எழுதும் ஒரு வரி தெளிவாக இல்லாவிட்டால், அதன் பாரம் சாலையில் தனியாக நிற்பவர் மேல்தான் இறங்கும்.

அடுத்தது சாலை. இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆவது பிரிவு தடுப்பது பதிவில்லாத வண்டியை ஓட்டுவதை. வீட்டு முற்றத்தில் நிறுத்திவைப்பதை அது குற்றம் என்று சொல்லவில்லை. அலுவலகம் மூடியதால் கூடுதல் நாள் கிடைக்கிறது என்பது சரி. அதனால் சாலையும் கிடைக்கிறது என்பது அடுத்த தாவல், அந்தத் தாவலுக்கு ஆதாரம் இல்லை. சாலையைக் கடக்கும் பெரியவருக்கு அந்த வண்டியால் வரும் ஆபத்து, ஊரடங்கு என்பதற்காக ஒரு துளியும் குறையவில்லை. பிரிட்டன் இதைச் சரியாகவே பிரித்துப் பார்த்தது. அதே 2020 மார்ச் 30 முதல் கார்களின் ஆண்டுச் சோதனைக்கு 6 மாத அவகாசம் கொடுத்தார்கள். வண்டியை ஓட்டத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமைக்கு அவகாசம் கொடுக்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியோடு மாட்டினால் வழக்குதான்.

இந்தியாவில் காப்பீட்டு வழக்குகளும் இதையே சொல்கின்றன. தற்காலிகப் பதிவு முடிந்த பிறகு சாலையில் விபத்துக்குள்ளான ஒரு பிக்கப் வண்டியின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டிச் சேதத்துக்கு உரிமையாளர் கேட்ட இழப்பீடு கிடைக்கவில்லை. பதிவில்லாமல் பொதுச் சாலையில் ஓட்டியது காப்பீட்டு ஒப்பந்தத்தையே அடிப்படையில் மீறிய செயல் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்ததாகவோ, தற்காலிகப் பதிவை நீட்டிக்கக் கேட்டதாகவோ உரிமையாளர் எதையுமே காட்டவில்லை என்று நீதிபதிகள் தனியாகக் குறிப்பிட்டார்கள். கதவு திறந்ததா என்பதோடு, அவர் தட்டினாரா என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அறத்தின் கண்ணிலும் அந்த வேறுபாடு பெரியது. தட்டியும் கதவு திறக்கப்படாதவருக்கும், மூடியிருப்பது வசதி என்று தட்டாமலே போனவருக்கும் ஒரே தண்டனை என்றால் அது நியாயம் ஆகாது. ஒரே சலுகை என்றாலும் ஆகாது.

சரி, வண்டியே வயிற்றுப்பாடாக இருப்பவரை என்ன சொல்வது? கடன் வாங்கிக் குட்டி யானை எனப்படும் ஒரு சிறு சரக்கு வண்டி எடுத்து, மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிப் பிழைக்கலாம் என்று இறங்கியவருக்கு ‘வண்டியை வீட்டில் நிறுத்து’ என்பது எளிய அறிவுரை ஆகாது. 2020 மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு 3 மாத அவகாசத்துக்கு வழி செய்தது, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டித்தது. தவணை நின்றாலும் வட்டி நிற்கவில்லை. பொழுதுபோக்குக்கு பைக் வாங்கியவர் இரண்டு மாதம் உறைபோட்டு மூடிவைத்தால் அவருக்கு ஏமாற்றம் மட்டுமே. சரக்கு வண்டிக்காரருக்கு அதே இரண்டு மாதம் அடுப்பில் உலை வைப்பதைப் பற்றிய கவலை. பூட்டு ஒன்றுதான் என்றாலும் அது எல்லோரையும் ஒரே அளவில் அழுத்துவதில்லை. இதைக் கணக்கில் எடுக்காத அறம் வசதியானவர்களின் அறமாகவே இருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், தண்டனை விதிக்கும் 192ஆவது பிரிவே இதற்கு ஒரு சிறு சன்னல் வைத்திருக்கிறது. பதிவில்லாமல் ஓட்டினால் அபராதம், மறுமுறை பிடிபட்டால் சிறை வரை போகலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த உட்பிரிவில் அது இளகுகிறது. நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரமாகக் கொண்டுபோகவும், துயர் துடைக்க உணவோ மருந்தோ ஏற்றிச் செல்லவும் ஓட்டியிருந்தால் இந்தத் தண்டனை இல்லை. ஒரே நிபந்தனை: அப்படி ஓட்டியதை 7 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். விதியை மீறுவதற்குத் தேவை இருந்தால் போதாது, மீறியதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும் என்பது இதன் சாரம். சட்டம் எழுதியவர்கள் பிழைப்புக்காக ஓடும் வண்டியை இதற்குள் சேர்க்கவில்லை. ஆனால் அந்த நிபந்தனை அங்கேயும் பொருந்தும். எண் வரும்வரை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்பவர், விற்பனைச் சான்றையும் காப்பீட்டையும் சேசிஸ் எண்ணையும் எழுத்தில் அரசுக்கு அனுப்பி, அதன் நகலை வண்டியில் வைத்திருந்தால், அடிபடக்கூடியவருக்கு உரிய முடிச்சு பெரும்பாலும் கட்டப்பட்டுவிடுகிறது. அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு ஓர் ஒப்புகைச் சீட்டாவது கொடுப்பது அரசின் பங்கு. அலுவலகக் கதவைப் பூட்டலாம், பதிவேட்டைப் பூட்ட வேண்டியதில்லை. வாகன் என்ற இணையப் பதிவேடு ஊரடங்குக்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்ததுதான்.

சலுகை கொடுத்தால் அதைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை. அந்த மார்ச் மாதத்திலேயே அது நடந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 என்ற பழைய மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்து வாகனங்களை நாட்டில் எங்கும் விற்கவோ பதியவோ கூடாது என்று 2018 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இதற்கு முன் 2017இல் பிஎஸ்-3 வண்டிகளை நிறுத்தியபோது, மார்ச் 31க்குள் விற்றதற்குச் சான்று காட்டினால் பிறகு பதியலாம் என்று விலக்கு இருந்தது. இந்த முறை பதிவுக்கும் அதே நாள்தான் கெடு. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊரடங்கு வந்தது. வண்டி விற்கும் முகவர்கள் நீதிமன்றம் போனார்கள். மார்ச் 27 அன்று, விற்காமல் தேங்கிய வண்டிகளில் 10 சதவீதத்தை ஊரடங்கு முடிந்த பின் 10 நாட்களில் விற்றுக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது, டெல்லியும் அதன் சுற்றுப்பகுதியும் நீங்கலாக. கனிவான உத்தரவு. நடந்தது என்ன? சுமார் 1.05 லட்சம் வண்டிகளுக்குக் கொடுத்த இடத்தில் 2.55 லட்சம் விற்றுப்போயின. ஊரே அடங்கிக் கிடந்த மார்ச் கடைசி நாட்களில் விற்பனை வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்ததையும் நீதிபதிகள் கேள்வி கேட்டார்கள். ஜூலை 8 அன்று அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

இந்த மீறலில் பாதிக்கப்பட்டவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். பிஎஸ்-4க்குப் பதிலாக வந்த பிஎஸ்-6 தரத்தில் எரிபொருளில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைகிறது, டீசல் வண்டியின் புகைத்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் வெகுவாகக் குறைகின்றன. பழைய தரத்தில் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் விலை கொடுப்பது, அதன் பின்னால் மூச்சுவிடும் குழந்தையின் நுரையீரல். கதவு மூடியதால் தவித்தவருக்குக் கொடுத்த இரக்கத்தைச் சரக்கைத் தள்ளிவிடும் வழியாக மாற்றியது சாதாரண விதிமீறல் இல்லை. உண்மையிலேயே தவித்தவரின் சொல்லையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. ஜூலை 31இல் எல்லா பிஎஸ்-4 பதிவுகளும் மறு உத்தரவு வரை நிறுத்தப்பட்டபோது, மார்ச் மாதமே நேர்மையாகப் பணம் கட்டி வாங்கியவர்களும் சேர்ந்தே நின்றார்கள்.

ஆகஸ்ட் 13 அன்று வந்த உத்தரவு ஓரளவு நேர்செய்தது. மார்ச் 31க்கு முன் விற்று, விவரம் இ-வாகன் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தால் பதியலாம், டெல்லிப் பகுதி நீங்கலாக. 2014 தீர்ப்பு கேட்ட அதே கேள்விதான் இங்கும்: உரிய நேரத்தில் வெளிப்படையாக ஒரு தடம் பதித்தாயா? ஆனால் அந்தத் தடத்தைப் பதிக்க வேண்டியவர் வாங்கியவர் இல்லை, விற்றவர். தளத்தில் ஏற்றும் கடவுச்சொல் முகவரின் கையில். முழுப் பணத்தையும் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டு போனவருக்குத் தன் வண்டியின் விவரம் ஏறியதா என்று தெரிந்திருக்கவே வழியில்லை. அப்படிப் பதிவே கிடைக்காமல் போன வண்டிக்கு வாங்கியவரைப் பொறுப்பாக்குவது கொடுமை. கெடுவும் சலுகையின் அளவும் தெரிந்தே விற்ற முகவர் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வரியும் காப்பீடும் உட்பட முழுத்தொகையைத் தர வேண்டும். கடனுக்கு ஓடிய வட்டியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.