தனிப் பருந்தா, கூட்டப் பருந்தா?

"தனியா இருக்கிறவன் திமிர் பிடிச்சவன்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பருந்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. தாமான் வீட்டுக் கொல்லைக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து, நாம் கருடன் என்று கும்பிடும் பறவை, பகலில் பெரும்பாலும் தனியாகத்தான் இரை தேடும். இரவானால் பல பருந்துகள் ஒரே இடத்து மரங்களில் சேர்ந்து அடையும்.

பிப்ரவரி, மார்ச்சில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானுக்குப் போய்ப் பாருங்கள். தேன்பருந்துகள் சுமத்ரா பக்கமிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கடல் தாண்டி வரும். கடல்மேல் தூக்கிவிடும் வெப்பக் காற்று குறைவு, சிறகடித்தே வரவேண்டும். கரை சேர்ந்ததும் ஒன்று சுழன்று ஏறினால், மேலெழும் காற்று அங்கேதான் என்று மற்றவையும் வந்து கூடும். காற்று கண்ணுக்குத் தெரியாது. ஏறுகிற பறவை தெரியும். ஆனா யாரும் யாரையும் சுமப்பதில்லை. அவரவர் சிறகுதான்.

தன் கடமையைத் தனியா செய்வது திமிர் ஆகாது. வழி தெரியாதபோது துணை தேடுவது பலவீனமும் ஆகாது. இயக்கத்துக்கு வராமல் ஒதுங்கி இருக்கிற தம்பி, தங்கச்சிகளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு யோசிப்போம்: நாம மேலே ஏறுறது அவங்க கண்ணுக்குத் தெரியுதா?