பிள்ளைகளின் பங்கு

சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் இருப்புப்பாதையில், தவுண்டு சந்திப்பைக் கடந்து வண்டி புணேயை நோக்கி விரையும்போது, கேட்காவ் என்றொரு சிறு நிலையம் வரும். விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கு நிற்பதில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர் அந்நேரத்தில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டும், கட்டுச்சோற்றின் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டும் இருப்போம். எத்தனையோ முறை அவ்வழியே வந்தும் அவ்வூரை நாம் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பண்டித ரமாபாய் அமைத்த முக்தி இல்லம் அங்கேதான் இருக்கிறது.

கடவுளை எந்த அளவுக்கு நம்பினால் ஒருவர் தமக்குள்ளதைப் பிறர்க்கென வைத்துவிட முடியும் என்னும் வினா கிறித்தவர்க்குப் பழையது. திருமறையில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைக் கேளாதவர் நம்முள் இரார். ஆனால் அவள் தன் காசைப் போட்டாள். நம்மைத் தயங்க வைப்பது வேறொன்று. நாம் கொடுத்தால் குறையப்போவது நம் பிள்ளைகளின் பங்கன்றோ? அவர்கள் பங்கை ஈந்துவிட நமக்கு என்ன உரிமை? இவ்வினாவை எழுப்பிக்கொண்டே நாம் ரமாபாயின் வரலாற்றுக்குள் புகுகின்றோம்.

அவர் 1858இல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழி வல்லுநர். பெண்ணுக்கு வடமொழி கற்பிக்கலாகாது என்ற அக்கால வழக்கை மீறித் தம் மனைவிக்கு அதனைக் கற்பித்தவர். தாய் மகளுக்குக் கற்பித்தார். திருத்தலங்கள்தோறும் சென்று புராணம் படித்து, வந்த காணிக்கையில் அறமும் செய்து வாழ்ந்த குடும்பம் அது. 1870களில் வந்த பஞ்சத்தில், கையிலிருந்த பாத்திரமும் நகையும் விற்றுத் தீர்ந்தபின், தந்தையும் தாயும் தமக்கையும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். ரமாபாயும் அவர் அண்ணனும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தே திரிந்தனர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அனந்த சாஸ்திரியார் தெய்வத்தை நம்பாதவர் அல்லர். இருந்ததைக் கொடுத்தார், விரதம் காத்தார், உணவு வரவில்லை. அவருடைய நம்பிக்கையில் ஏதோ குறை இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் எல்லாச் சமயத்திலும் உண்டு. பட்டினியால் மாண்டவரின் பத்தியை வயிறு நிறைந்தவர் அளந்து பார்ப்பது நமக்கு உவப்பன்று. அந்தப் பத்தாண்டின் பஞ்சங்களில் கிறித்தவர்களும்தாம் மாண்டனர். ஆகவே, கடவுளை நம்பினால் சோறு வந்தே தீரும் என்று ரமாபாய் எண்ணியிருக்க வழியில்லை. வராமற்போவதையும் அவர் கண்ணால் கண்டவர்.

1878இல் கல்கத்தாவில் பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் பெற்றது, வங்காளத்து வழக்கறிஞர் ஒருவரை மணந்து ஈராண்டுக்குள் அவரை இழந்தது, கைக்குழந்தை மனோரமாவுடன் 1883இல் இங்கிலாந்து சென்று அங்கே திருமுழுக்குப் பெற்றது ஆகியவை பலரும் அறிந்தவை. 1889இல் மும்பையில் அவர் தொடங்கிய சாரதா சதன், இளங்கைம்பெண்களுக்கான பள்ளி. அடுத்த ஆண்டு பூனாவுக்கு மாறியது. அதற்குப் பொருள் தந்தவர்கள் அமெரிக்க நாட்டு நண்பர்கள். பாஸ்டன் நகரில் கூடிய அவர்தம் சங்கம் பத்தாண்டுகளுக்கு உதவ வாக்களித்திருந்தது.

அப்பத்தாண்டு முடிவை நெருங்கும் நேரத்தில், மூவர் வரலாறுகளை அவர் படித்திருந்தார்: பிரிஸ்டல் நகரில் எவரிடமும் கைநீட்டாமல் இரண்டாயிரம் அனாதைப் பிள்ளைகளுக்கு இடமளிக்கும் ஐந்து பெரிய இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், சீனத்தில் தொண்டாற்றிய ஹட்சன் டெய்லர், தென்கடல் தீவுகளுக்குச் சென்ற ஜான் பேட்டன். பிற நாடுகளில் இவ்வாறு இறைவனை நம்பி வாழ முடியுமானால் இந்தியாவில் ஏன் முடியாது என்று தாம் வியந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டது. செய்தி கேட்டதும் தாம் பசித்துத் திரிந்த நாட்கள் அவருக்கு நினைவில் எழுந்தன. நேரே சென்றார். ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். உறுதியான வருவாய் முடியப்போகிற வேளை அது! நம் இல்லத்தரசியர் எவரும் மாதக் கடைசியில் விருந்தினரை அழைப்பதில்லை.

அவரைக் குறைகூற இடமுண்டு என்பதை மறைக்கலாகாது. அவரை நம்பிச் சதனில் முன்னரே இருந்த பெண்களின் சோற்றையும் அவர் பணயம் வைத்தார் என்று ஒருவர் வழக்காடலாம். பூனாவில் கொள்ளைநோய் பரவிய காலமாதலால் அத்தனை பேரை நகரில் வைத்திருக்க இயலாமல், கேட்காவில் வாங்கியிருந்த நிலத்துக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. நலிந்து வந்தவர்களுள் பிழைக்காமற் போனவர்களும் உண்டு. தொலைநாட்டு நண்பர்களும் உதவியை நிறுத்திவிடவில்லை. 1898இல் பழைய சங்கம் முடிந்தபின் புதியதொன்று அவ்விடத்தில் தோன்றியது. ஆனால் அது தோன்றும் என்று உறுதியாக அறிந்தபின் அவர் புறப்படவில்லை.

புறப்பட்டபின் அவர் செய்தவற்றைக் காண்க. பழமரம் நட்டார், கிணறுகள் வெட்டுவித்தார், தறி, எண்ணெய்ச் செக்கு, மாட்டுப்பண்ணை, அச்சகம் என ஒவ்வொன்றாக அமைத்து, வந்த பெண்களையே அவற்றில் பழக்கினார். 1900இல் குசராத்துப் பஞ்சத்தின்போது மேலும் பலர் வந்து, இல்லத்தின் தொகை 2000த்தை நெருங்கியது. கடவுள் தருவார் என்று நம்பிய அவரே, ஆழத் தோண்டாத கிணறு நீர் தராது என்பதையும் அறிந்திருந்தார். இவ்விரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. நமக்குத்தான், நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்றும், கணக்குப் பார்ப்பது என்றால் கதவை அடைப்பது என்றும் ஆகிவிட்டது.

சாறிபாத் ஊர்க் கைம்பெண் ஒருத்தி, தனக்கும் மகனுக்குமான கடைசிப் பிடி மாவைச் சமைக்க விறகு பொறுக்குகையில், எலியா தீர்க்கதரிசி முதலில் தமக்கு ஓர் அடை கேட்டதாகத் திருமறை கூறும். மா குறையவில்லை என்பதைத்தான் சிறுவயது முதல் நாம் வியப்போடு கேட்டோம். மகனின் பங்கிலிருந்து எடுத்த அந்தக் கை நடுங்கியிருக்குமே என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இதனை எழுத நமக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நாம் இருந்த சால் குடியிருப்புக்கு, கணவனை இழந்த நம்மூர்ப் பெண்ணொருத்தி இரண்டு பிள்ளைகளுடன் வந்து சேர்ந்தாள். மூன்று நாள் மாடிப்படியருகே தங்கியிருந்தாள். ஐந்தாறு குடும்பங்கள் கூடிப் பேசினோம். ஒற்றையறை, ஒரு சம்பளம், வளரும் பிள்ளைகள். அவளுக்காக உருக்கமாகச் செபித்தோம்; பின்னர்ப் பணம் திரட்டித் திருநெல்வேலிக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தோம். நம் பிள்ளைகளின் வாய்ச்சோற்றைப் பறித்து எவருக்கும் கொடுக்க நமக்கு உரிமையில்லை என்று அன்று சொன்னோம். சொன்னது பொய்யென்று இன்றும் நம்மால் கூற முடியவில்லை. ஆனால் அப்பிள்ளைகளை நாம் கேட்கவில்லை.

மனோரமாவும் கேட்கப்பட்டிருக்க மாட்டார். தாயின் அன்பில் நூற்றுக்கணக்கானோர் பங்குகொள்ள வளர்ந்த பெண் அவர். வளர்ந்தபின் தாயின் சுமையில் பாதியைத் தாமே ஏற்றார். பார்வையற்றோருக்கான கல்வியை இல்லத்தில் தொடங்கி வைத்தார். அதே இருப்புப்பாதையில் முன்னதாக வரும் குல்பர்காவில் ஒரு பள்ளியையும் நிறுவினார். 1921இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரல் திங்களில் தாயும் இறந்தார். மூலமொழிகளிலிருந்து எளிய மராத்தியில் ரமாபாய் பெயர்த்த திருமறை 1924இல்தான் முழுமையாக வெளிவந்தது.

சென்ற ஆண்டு நம் மகள், இப்போது தானும் ஒரு தாய், பேச்சிடையே அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். மாடிப்படியில் அவர்களோடு மூன்று நாள் விளையாடியது அவளுக்கு நினைவிருக்கிறது. இளையவனுக்குத் தன் தட்டிலிருந்து சோறு கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அது நமக்குத் தெரியாது. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். பயணச்சீட்டு வாங்கிய நாம் முகவரி வாங்கி வைக்கவில்லை.