கடைசி பெஞ்சுக் குறிப்புகள்

ஒரகடம் கூட்டு ரோடு. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகின்றன. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள்.

பள்ளி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நடக்க நடக்க இரைச்சல் குறைகிறது. முழுக்கப் போவதில்லை.

*

கடைசி பெஞ்ச். கால் நீட்ட இடமில்லை.

யாரோ காம்பஸ் முனையால் பலகையில் ஒரு பெயரைக் கீறியிருக்கிறார்கள். பாதியில் நிற்கிறது. விரல் அதன்மேல் போய்வருகிறது.

மடியில் கல்லூரி தந்த மதிப்பீட்டுத் தாள். அதற்கு அடியில் இந்த நோட்டு.

*

ஆறாம் வகுப்பு. கணக்கு.

கரும்பலகை முன்னால் பயிற்சி ஆசிரியை. பி.எட். இரண்டாம் ஆண்டு. பிள்ளைகளுக்கு அவர் டிரெயினிங் மிஸ். ஒரு கை முந்தானையை விடாமல் பிடித்திருக்கிறது. மறு கையில் சாக்பீஸ்.

வகுப்பாசிரியை ஓரமாக நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துகிறார். தலை நிமிர்வதில்லை. காது மட்டும் பாடத்தில்.

*

"அரையில் பாதி எவ்வளவு?"

யாரும் பேசவில்லை.

மின்விசிறி சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிறீச்.

மிஸ்ஸின் உதடு பதில் சொல்லத் திறக்கிறது. மூடிக்கொள்கிறது.

*

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக 1 வினாடி. 3 வினாடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள். 1970களில் எழுதினார்.

1 வினாடி. 3 வினாடி. நடுவில் இருப்பதைத்தான் கல்லூரியில் சொல்லித்தர முடிவதில்லை. நுண்ணிலைக் கற்பித்தலில் சக மாணவிகளே பிள்ளைகளாக நடிக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் தெரியும். காத்திருக்கும் வேலையே வருவதில்லை.

*

"ரெண்டு மிஸ்."

"ஒண்ணு."

"கால்."

மிஸ் மூன்றையும் பலகையில் எழுதுகிறார். எது சரி என்று சொல்லவில்லை. வகுப்பாசிரியையின் சிவப்புப் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி ஓடுகிறது.

*

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். தமிழ் காதில் ஏறிவிட்டது, நாக்குக்கு இன்னும் வரவில்லை.

வகுப்பாசிரியை எழுந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறார். சொல்லிவைத்த மாதிரி இல்லை. தானாக நடக்கிறது.

டிரெயினிங் மிஸ் சிறுமியின் பக்கத்தில் உட்காருகிறார். ஒரு துண்டுத் தாள். சிறுமி அதை மடிக்கிறாள். மறுபடி மடிக்கிறாள். நகத்தால் மடிப்பை அழுத்துகிறாள். பிரிக்கிறாள். உதடு மட்டும் அசைய, தன் மொழியில் எண்ணுகிறாள்.

நான்கு விரல் காட்டுகிறாள்.

ஒன்றை மட்டும் பென்சிலால் தீட்டுகிறாள். மெதுவாக, ஓரம் தாண்டாமல்.

ஒரு வகுப்பில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் இதற்கு நேரம் கிடைக்கிறது.

*

மதிப்பீட்டுத் தாளில் இதற்குக் கட்டம் இல்லை. 'வலுவூட்டும் திறன்' என்ற கட்டத்தில் எழுதுகிறேன். பொருந்தவில்லை. எழுதுகிறேன்.

*

இங்கிலாந்தில் கற்பித்தல் உதவியாளர் என்றே ஒரு வேலை இருக்கிறது. அதற்கு அப்ரண்டிஸ் பயிற்சியும் இருக்கிறது. பள்ளி வேலை தருகிறது, கல்லூரி படிப்பைத் தருகிறது.

இந்தப் பள்ளியில் அப்படி நாற்காலி எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் மட்டும் ஒருவர் வந்து நிற்கிறார். பிறகு இடம் காலியாகிறது.

*

ஒரு நினைவு, தானாக வந்தது.

எழும்பூர். 1789க்குப் பிந்தைய சில வருடங்கள். ஆண் பிள்ளைகள் அநாதை விடுதியில் ஆண்ட்ரூ பெல் கண்காணிப்பாளர். ஒருநாள் குதிரையில் போகும்போது நம் திண்ணைப் பள்ளி ஒன்றைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுகிறார்கள்.

தன் விடுதியிலும் மணலைப் பரப்பச் சொல்கிறார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. பிள்ளைகளில் ஒருவனிடமே வகுப்பைக் கொடுக்கிறார். பெயர் ஜான் ஃபிரிஸ்கென். வயது 8.

1797இல் லண்டனில் புத்தகம். அதற்குப் பிறகு அது 'மதராஸ் முறை'.

நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே இருந்தான். ஒருவன் முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

*

1846இல் இங்கிலாந்து, மாணவ ஆசிரியர்களை ஐந்தாண்டுப் பயிற்சிக்கு எடுத்தது. 13 வயதில் சேர்க்கை. முதல் வருடம் 10 பவுண்டு. கடைசி வருடம் 20.

பணம் கொடுத்தார்கள் என்பது மட்டும் மனதில் தங்குகிறது.

*

இடைவேளை. பிள்ளைகள் வெளியே. வகுப்பில் வியர்வையும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனை.

டிரெயினிங் மிஸ் தண்ணீர் குடிக்கிறார். தொண்டை ஏறி இறங்குகிறது.

தம்பி டிப்ளமா முடித்தவன் என்கிறார். வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ். மாதம் பிறந்தால் அக்கவுண்டில் பணம்.

1961இன் அப்ரண்டிஸ் சட்டம். 2019 விதித்திருத்தம் டிப்ளமா பயிற்சியாளருக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தது.

அக்கா கல்லூரிக்குக் கட்டணம் கட்டியிருக்கிறார். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூட்டு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு உண்டு.

இயந்திரத்தின் அருகில் நின்று பழகுகிறவனுக்கு ஊதியம். பிள்ளையின் அருகில் நின்று பழகுகிறவரிடம் கட்டணம். இது சரியில்லை என்று ஓர் எண்ணம் எழுகிறது. அதை உட்கார வைக்கிறேன். உட்கார மறுக்கிறது.

*

பி.எட்.டுக்கு முன்னால் அவர் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர். 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். சாயங்காலம் தெருவில் பாய் விரித்து, கொரோனாவில் விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

"அப்ப பயமே இல்ல சார்."

இப்போது?

கேட்கவில்லை. பாட்டில் மூடியைத் திருகுகிறார். திருகு இறுகிய பிறகும் விரல் திருகுகிறது.

*

தூரத்தில் சங்கு. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிகிறது. ஒருவன் அப்பாவின் ஷிப்ட்டைச் சொல்கிறான்.

*

ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இதே சாலையில்தான் இருக்கிறது. மந்திரப் பொருள் கேட்டுத் திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. 17 முறை திருப்பி அனுப்பப்பட்டார்.

அந்த 17 நடைகளை நினைக்கிறேன். போகும்போது ஒரு வெயில். வரும்போது ஒரு வெயில்.

*

ரெக்கார்டு நோட்டுகள் மேசையில். பாடத்திட்டம், துணைக்கருவி, சாதனைத் தேர்வு. பழுப்பு அட்டை, வெள்ளை லேபிள். ஒவ்வொன்றிலும் வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்து, தலைமை ஆசிரியர் முத்திரை. முத்திரை மை இன்னும் ஈரம்.

2014இன் விதிமுறை பி.எட்.டை இரண்டு வருடமாக்கியது. இரண்டிலும் சேர்த்து 20 வாரம் பள்ளியில். முன்பு இருந்ததைவிட அதிகம். போதுமா என்று கேட்டால் வகுப்பாசிரியை சிரிக்கிறார்.

"பேர் தெரிய ஆரம்பிக்கும்போது கிளம்பிடறாங்க சார்."

*

கையெழுத்துப் போடுகிறேன். பேனா ஒருமுறை எழுத மறுக்கிறது. உதறுகிறேன்.

மதிப்பெண் கட்டத்தில் ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது யாரையும் பார்க்கவில்லை.

*

வாசலில் தலைமை ஆசிரியர். டிரெயினிங் மிஸ்ஸைக் கூப்பிடுகிறார். நாளை ஏழாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வகுப்பு டீச்சர் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறார்.

"சரிங்க சார்" என்கிறார். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்.