ஏவாத தசை

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு வந்து குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. இடது மார்புக் காம்பை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. மதினியிடம் சொன்னேன். "ஏட்டி, முன்வினை ஏதோ தொடருது. சோமநாதருக்கு நேந்துக்கோ" என்றாள். நேர்ந்துகொண்டேன்.

தூத்துக்குடியில் கட்டியை முழுதாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போன அன்று பெஞ்சில் என் பக்கத்தில் புன்னைக்காயல் பெண் ஒருத்தி, கையில் ஜெபமாலையோடு. என்னைவிடச் சின்னவள்.

எனக்கு வந்தது லியோமயோமா. மென்தசையில் வளரும் சாதுவான கட்டி. பல பெண்களுக்குக் கருப்பையில் வரும் ஃபைப்ராய்டும் இதே இனம்தான். மார்பில் வருவது அபூர்வம், மார்புக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இராது. காம்பைச் சுற்றி அந்தத் தசை மிகுதி என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முளைக்குமாம். நுண்ணோக்கியில் செல்கள் நூல்கற்றைபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன, தாறுமாறாகப் பெருகவில்லை, அதனால் பயமில்லை என்றார் டாக்டர்.

அவளுக்கு வந்தது புற்று.

கோயிலுக்குப் போய், "காப்பாத்திட்டியே" என்று வாயெடுத்தேன். சொல் வெளியே வரவில்லை. எனக்குக் கிடைத்தது அருள் என்றால் அவளுக்குக் கிடைத்தது என்ன? என் நன்றி அவள்மேல் குற்றப்பத்திரிகையாக விழுமே!

சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையின் மூன்று வகையை அப்பா சொல்லித் தந்திருக்கிறார். வினை என்றால் செயல். மென்தசையோ நாம் ஏவாமலே இயங்குவது. குடலிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் நான் தூங்கும்போதும் வேலை செய்வது. நான் ஏவாத தசை நான் அறியாமல் பெருத்ததற்கு எந்தச் செயலைக் கணக்கில் எழுதுவது? முற்பிறவியில் என்பாள் மதினி. அந்தப் புன்னைக்காயல் பெண்ணைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியாது. ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சாமி முன்னால் மட்டும் எப்படி நம்புவது?

பாண்டியரின் கொற்கை எங்களுக்குப் பக்கத்து ஊர். பாண்டியர் கதைகளை வீட்டுக் கதைபோல ஆச்சி சொல்வாள். மலயத்துவசன் வேள்வித் தீயில் மூன்று முலையோடு ஒரு குழந்தை வந்தாள், தடாதகை. அரசன் கலங்கினான். அசரீரி யாருடைய பாவத்தையும் பேசவில்லை. ஆண்பிள்ளைபோல வளர்த்து முடி சூட்டு, மணாளன் வரும்போது ஒன்று மறையும் என்றது. அதாவது, காரணம் சொல்லவில்லை, செய்ய வேண்டியதைச் சொன்னது. இத்தனை வருஷம் கேட்ட கதையில் இது இப்போதுதான் என் காதில் விழுகிறது.

நேர்ந்த அர்ச்சனையை அந்தப் புன்னைக்காயல் பெண் பேருக்குச் செய்யச் சொன்னேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.