தெளிவும் நினைவும்

மதுவிலக்கு பற்றி நம்மிடம் பேச்சு ஏராளம். 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கியது, 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 2003இல் சில்லறை விற்பனையே அரசாங்கத்தின் கைக்குப் போனது. எல்லாம் கடையைத் திறப்பதா மூடுவதா என்ற பேச்சு. குடியை விட்டவன் மறுநாள் யார் முகத்தில் எப்படி விழிப்பான் என்பது பற்றிப் பேச்சில்லை.

போதையில் செய்த, நினைவிலும் இல்லாத ஒரு காரியம் யாருடையது?

ஜான் லாக்குக்கு, பிரக்ஞை எட்டும் தூரம்வரைதான் சுயம். 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில் குடிகாரனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். அவன் செய்தது நிரூபணமாகிறது, அறியாமல் செய்தான் என்பதை நிரூபிக்க வழியில்லை; ஆகவே கோர்ட்டு தண்டிக்கிறது. கடவுளின் தீர்ப்பு நாளில் தான் அறியாததற்கு ஒருவன் பதில் சொல்ல வேண்டியிராது என்பது அவர் எண்ணம். அரிஸ்டாட்டில் இவ்வளவு இளகியவர் அல்ல. குடிக்காமலிருப்பது அவன் கையில் இருந்தது. எனவே அந்த அறியாமைக்கும் அவனே காரணம்.

இருவரும் செய்தவனைத்தான் பார்க்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவன் இந்த விசாரணையில் இல்லை.

குடியை நிறுத்தி ஒரு வருஷமான பழைய நண்பர் ஒருவருடன் மெரினாவில், உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம்வரை நடந்தபோதுதான் இது உறைத்தது. தெரிந்தவர்களைப் பற்றிப் பேச்சு. ஒவ்வொரு பெயர் வந்தபோதும் அவர் கேட்டது ஒன்றே: "அவர்கிட்ட நான் ஏதாவது சொல்லியிருக்கேனா?" அவர் எங்களைத் தவிர்ப்பதாக நினைத்திருந்தோம். அவர் தவிர்த்தது, எங்களிடம் இருந்த, தன்னிடம் இல்லாத தன்னை.

முற்றிலும் நினைவு தப்பிய இரவு மறந்துபோன இரவல்ல. அது மூளையில் பதிவாகவே இல்லை. பேசுகிறான், நடக்கிறான், வீடு போய்ச் சேர்கிறான், எதுவும் தங்குவதில்லை. யோசித்துப் பார் என்று அவனிடம் சொல்வதில் அர்த்தமில்லை. அந்த இரவு இருப்பது எதிரே இருந்தவனிடம் மட்டும்.

இதனால் தெளிவாக இருந்தவனுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. சாட்சி கெடுவதற்கு இரண்டு வழிகள். நாலு பேர் நடுவில் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சொல்லி, மாறிவிட்டவனைப் பழைய ஆளாகவே நிறுத்திவைப்பது ஒன்று. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க" என்று பெருந்தன்மையாக மூடிவிடுவது மற்றது. இது கருணை போலத் தோன்றும். ஆனால் எதற்காக வருந்துவது என்பதையே அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. எதற்கென்று தெரியாமல் கேட்கும் மன்னிப்பு வெறும் உபசார வார்த்தை.

ஒரு பெயருக்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தவர், அந்த மனிதரின் விலாசம் கேட்டார்.

குடிக்காத பொழுதில் ஒரு குடிகாரன் இன்னொருவனின் போதையைக் கண்டு தன் நிலையை எண்ணமாட்டானா என்று கேட்கிறார் வள்ளுவர். தன்னைப் பார்க்க இன்னொருவன் வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஆனால் அங்கே கிடைப்பது ஜாடை மட்டும். தான் சொன்ன அந்த ஒரு சொல், அதைக் கேட்டவனிடமிருந்துதான் திரும்ப வரவேண்டும்.

பழையவர்களை மறந்துவிடச் சொல்வது ஆகவே தவறான கோரிக்கை. அவன் கேட்டால் சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. ஒருமுறை சொன்ன பிறகு அதை மறுபடி மறுபடி வசூலிக்கக் கூடாது. நம்மிடம் இருக்கிறது என்பதாலேயே அந்த நினைவு நம்முடையதாகிவிடாது.