வரிசையை விட்டுப் போனவர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் இஷாத் தொழுகை நடத்திய வரலாற்றை நாமெல்லாரும் மதரஸாவில் ஓதிய காலத்தில் கேட்டிருக்கிறோம். அவர்கள் ‘பகரா’ என்னும் நெடிய சூராவை ஓதத் தொடங்கினார்கள். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஒருவர் தாங்க மாட்டாமல் வரிசையை விட்டு விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். முஆத் (ரலி) அவர்கள் அவரை முனாஃபிக் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் போயிற்று. நாயகம் அவர்கள் கடிந்து கொண்டது யாரை? வரிசையை விட்டுப் போனவரை அல்ல. முஆதே, நீர் மக்களைச் சோதனையில் ஆழ்த்துகிறீரா என்று மும்முறை கேட்டார்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவல் உள்ளவரும் நிற்கிறார்களே என்று சொல்லி, சிறிய சூராக்களை ஓதும்படி பணித்தார்கள்.

இதனை எடுத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்பீர்கள். தேக்காவில் மளிகைக்கடை வைத்திருப்பவன் நான். மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் என் படிப்பு முடிந்தது. ஆலிமாக அல்ல, குற்றம் செய்தவனாகவே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவில், என் முன்வரிசையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தகப்பனாரோடு இருந்தான். ஒலிபெருக்கி திடீரெனக் கீச்சிட்டது. பையன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறி, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான். தொழுகை முடிந்ததும், “தம்பி, பிள்ளையை அடக்கி வளர்க்கக் கூடாதா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பையன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதன்பின் எந்த ஜும்ஆவிலும் அவ்விருவரையும் நான் காணவில்லை.

பிறகொரு நாள் அரிசி வாங்க என் கடைக்கு வந்தார். நானே பேச்சைத் தொடங்கினேன். பையனுக்கு ஆட்டிசமாம். “பள்ளிவாசலென்றால் அவனுக்கு ஆசைதான் நானா. அந்தச் சத்தம்தான் காதில் முள்ளாய்க் குத்துகிறதென்கிறான். ஆளில்லாத நேரத்தில் கூட்டிப்போனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பான். டன்லப் சாலை அப்துல் கஃபூர் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். தலைவாசலுக்கு மேலே சூரியக்கதிர் போலிருக்கிறதே, அதில் இருபத்தைந்து நபிமார்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாய் எண்ணி முடித்த பிறகே உள்ளே வந்தான்” என்றார். நாற்பது வருஷமாக அந்த வாசலைக் கடக்கிறேன். நான் எண்ணிப் பார்த்ததில்லை.

சகோதரர்களே! அந்தப் பையனைப் போன்றோரின் மூளை ஒலியையும் ஒளியையும் நம்மைப் போல் வடிகட்டித் தள்ளுவதில்லை. நமக்குக் கேட்டும் கேளாத மின்விசிறியின் இரைச்சலும், கண் சிமிட்டும் குழல்விளக்கும், ஒளு செய்யுமிடத்தில் தெறிக்கும் தண்ணீரும், அத்தர் வாசனையும், செருப்படுக்குமிடத்து நெரிசலும் ஒன்றாக வந்து அவர்கள்மேல் விழுகின்றன. பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலியைக் கூட்டுகின்றன. பளிங்குக்குச் சந்தா கொடுத்தவர்களில் நானும் ஒருவன்!

நம் சிங்கப்பூரில் கட்டிடங்களுக்குத் தடையற்ற வழி வேண்டுமென்ற விதிமுறை 1990லேயே வந்துவிட்டது. சக்கரநாற்காலிக்குச் சரிவுப்பாதை போட இன்று யாரும் மறுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் தடை அது. காதுக்குள் இருக்கும் தடை உலகுக்கே தாமதமாகத்தான் புரிந்தது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனம் ஒளி, ஒலி, வாசனை, தரையின் கோலம் முதலியவற்றைக் கருதி இத்தகையோருக்கென ஒரு கட்டிட வழிகாட்டியை வெளியிட்டது 2022ல்தான். இங்கே ஆட்டிசப் பிள்ளைகளுக்கென பாத்லைட் பள்ளி 2004ல் தொடங்கப்பட்டது. தேசிய அரும்பொருளகத்தில் மனம் கலங்கியவர் சற்றே ஒதுங்கியிருக்க ஓர் அமைதியறை உண்டு. பழம்பொருள் பார்க்கும் இடத்தில் உள்ளது, படைத்தவனைத் தொழும் இடத்தில் வேண்டாமா?

“புத்தி தெளியாதவர்மீது தொழுகை கடமையில்லையே, வீட்டில் இருக்கட்டுமே” என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். சட்டத்தை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் ஆட்டிசம் உள்ளவர் எல்லாரும் புத்தி தெளியாதவர் அல்லர். பட்டம் பெற்றுப் பணிபுரிவோரும் அவர்களில் உண்டு. அவர்கள்மீது கடமை நம்மைப் போலவேதான். கடமை இல்லாத பிள்ளைக்குங்கூட வாசல் அடைபட்டதென்று எவர் சொன்னார்? குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் வருந்துமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள். குழந்தைகளைக் கொண்டு வராதீர்கள் என்று சொல்லவில்லை.

ஒலிபெருக்கியைக் குறைத்தால் மார்க்கம் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் சிலருக்கு இருக்கிறது. 1970களில், அண்டை அயலாரை எண்ணி இந்நாட்டுப் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன. பாங்கு வானொலி வழியே வீடுகளுக்கு வந்தது. நம் ஈமான் ஏதேனும் குறைந்ததா? அயலாருக்காக அன்று உள்ளே திருப்பியதை, உள்ளே இருப்பவருக்காக இன்று சற்றுக் குறைக்கலாகாதா? என் கடையில் நாள்முழுதும் அலறிக்கொண்டிருந்த பாட்டை நான் நிறுத்திவிட்டேன். வியாபாரம் ஒரு காசும் குறையவில்லை. கணக்கில்தான் தவறு குறைந்தது.

பெரும் செலவு ஏதுமில்லை. கீச்சிடாமல் ஒலிபெருக்கியைச் சரிபார்த்தல், சிமிட்டும் விளக்கை மாற்றுதல், சுவருக்குக் கனத்த திரை, கடைசி வரிசையில் வாசலோரமாய் இரண்டு இடம், கதவடைத்த ஒரு சிற்றறை. வாசலிலிருந்து மிஹ்ராப் வரை படமெடுத்து ஒரு தாளில் அச்சடித்துத் தந்தால், இத்தகைய பிள்ளைகள் வருமுன்னரே இடத்தைப் பழகிக்கொள்வார்களாம். இதைச் சொன்னவர் அந்தத் தகப்பனார்தான். நிர்வாகக் கூட்டத்தில் இவற்றைக் கேட்க நான் பெயர் கொடுத்திருக்கிறேன். உடன் வருவோர் கடையில் என்னைச் சந்திக்கலாம்.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதை அவனிடமே கேளுங்கள் நானா” என்றார். வரும் ஜும்ஆவுக்குக் குத்பா தொடங்குமுன் மகனை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலோரத்து இடத்தைப் பிடித்து வைப்பது என் பொறுப்பு.