விசித்திரப் படத்தை ரசிப்பவன் விபரீத மனிதனா?



உங்கள் வீட்டுப் பிள்ளை பாடப்புத்தகத்தின் ஓரத்தில் கொம்பு முளைத்த மீனையும், மனிதத் தலை கொண்ட தேளையும் வரைந்து வைத்திருப்பதைக் கண்டால் என்ன நினைப்பீர்கள்? "இவன் மனதிலே என்ன புகுந்துவிட்டதோ!" என்றுதானே? அடுத்த வீட்டு வாலிபன் பூதங்களும் பசாசுகளும் நிறைந்த படங்களைக் கைபேசியில் சேர்த்து வைத்து ரசிக்கிறான் என்று கேள்விப்பட்டால், அவனுக்குப் பெண் கொடுக்கவும் யோசிப்பீர்கள். ஒருவன் எதை ரசிக்கிறானோ அதுவே அவன் என்று நாம் சுலபமாய்த் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு நியாயந்தானா? வீண் ஆராய்ச்சி அல்ல இது. பிறர் நற்பெயரைத் தொடுவதால் எட்டாம் கற்பனைக்கு உட்பட்ட காரியம்.

உலகத்தில் உள்ள விசித்திரப் படங்களிலெல்லாம் பேர்போன ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹீரோனிமுஸ் போஷ் என்ற நெதர்லாந்து ஓவியர் பலகையில் தீட்டிய மூன்று மடிப்புப் படம் அது. விரித்து வைத்தால் 12 அடிக்கு மேல் அகலம். இடப்பக்கம் சிங்காரத் தோட்டத்தில் ஆதாமும் ஏவையும். நடுவில் ஆடையற்ற மனிதர் கூட்டம். ஆளை விடப் பெரிய பழங்களும் பறவைகளும். வலப்பக்கம் நரகம். அங்கே பறவைத் தலை கொண்ட ஒரு பூதம் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து மனிதரை விழுங்குகிறது. இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு கத்தி நீட்டிக்கொண்டு நகர்ந்து வருகிறது. யாழின் நரம்புகளில் ஒருவன் அறையப்பட்டுத் தொங்குகிறான். பன்றியொன்று கன்னியாஸ்திரியின் முக்காடு போட்டுக்கொண்டு ஒருவனைக் கட்டித் தழுவுகிறது!

இதை வரைந்தவன் குடிகாரனோ, பதிதனோ, பசாசோடு உடன்படிக்கை செய்தவனோ என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு. போஷ் தம் ஊரில் தேவமாதா சபையில் அங்கத்தினராயிருந்தவர். 1516-ம் ஆண்டு அவர் இறந்தபோது அச்சபையாரே அவருக்காகத் திவ்விய பலிபூசை செய்வித்தார்கள். சபையின் பழைய கணக்கேடுகளில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அப்படியிருந்தும், இப்படி வரைந்தவர் ஏதோ ஓர் இரகசியப் பதித கூட்டத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று 1947-ல் ஒரு ஜெர்மானிய அறிஞர் புத்தகமே எழுதினார். அதற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. படித்தவர்களும் படத்தைப் பார்த்து ஆளை ஊகிக்கும் ஆசைக்குத் தப்புவதில்லை போலும்.

சரி, வரைந்தவரை விடுங்கள். ரசித்தவர்கள் யார்? படம் முதலில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நாசௌ பிரபுக்களின் மாளிகையில் இருந்தது. வாரிசு முறையில் அது ஆரஞ்சு வில்லியம் பிரபுவின் கைக்கு வந்தது. இஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்புக்கு எதிராகக் கலகத்திற்குத் தலைமை தாங்கியவர் அவரே. பின்னர் கத்தோலிக்க வேதத்தையும் விட்டுவிட்டார். 1568-ல் அரசரின் தளபதி ஆல்பா பிரபு அவருடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்தபோது படமும் போயிற்று. தளபதியின் மகன் இறந்தபின் 1591-ல் ஏலத்திற்கு வந்தது. ஏலத்தில் வாங்கியவர் யார் தெரியுமா? பிலிப்பு அரசரேதான்! 1593-ல் அதைத் தம்முடைய எஸ்கோரியால் அரண்மனை மடத்திற்கு அனுப்பினார். இப்போது மாட்ரிட் நகரின் பிராடோ காட்சிசாலையில் இருக்கிறது.

ஒருவர் தலைக்கு மற்றவர் 1580-ல் விலை வைத்தார்; நான்கு ஆண்டுகளில் அந்தத் தலை சாய்ந்தும் போயிற்று. அத்தகைய பரம விரோதிகள் இருவர் வீட்டிலும் ஒரே படம் கௌரவமாய்த் தொங்கியிருக்கிறது. படம் மனிதனைக் காட்டும் கண்ணாடியானால், அந்தக் கண்ணாடியில் தெரிந்த முகம் யாருடையது?

"பிலிப்பு கடுமையான அரசர்தானே? ஆல்பா பிரபு அமைத்த விசேஷ நீதிமன்றம் ஆயிரம் பேருக்கு மேல் கொன்றதே! பூதப்படம் பார்த்த புத்திதான் அது" என்று சிலர் சொல்லக்கூடும். அதே அரசர் தீசியன் வரைந்த அழகிய ஓவியங்களையும் ஆசையோடு வரவழைத்தார். தோட்டங்களையும் பூக்களையும் நேசித்தார். அவற்றைக் கொண்டு அவரைச் சாந்தசீலர் என்று யாராவது சொல்லுவார்களா? மேசையில் உட்கார்ந்து அவர் கையெழுத்திட்ட கட்டளைகளுக்கல்லவோ அவர் கணக்குக் கொடுக்கவேண்டும்.

என் எண்ணம் இது: படத்தை ரசிப்பதற்கு நமக்கு ஒரு செலவும் இல்லை. செலவில்லாத இடத்தில் குணம் வெளிப்படுவது அரிது. கடன் வாங்கியவன் தவணை நாளில் எப்படி நடக்கிறான், நோயாளித் தாயின் படுக்கையருகே எத்தனை இரவு விழித்திருக்கிறான் என்பவற்றிலே ஆள் தெரியும். நாமோ இவற்றைப் பார்க்கச் சோம்பல்பட்டு, சுவரில் என்ன ஒட்டியிருக்கிறான் என்று பார்க்கிறோம். அது எளிதாயிற்றே!

வனத்து அந்தோனியாரை நினைத்துப் பாருங்கள். சிங்கமும் கரடியும் தேளும் பாம்புமாய்ப் பசாசுகள் அவரைச் சூழ்ந்துகொண்டதாக அவர் சரித்திரம் சொல்லுகிறது. அவர் கண்ட உருவங்களைக் கொண்டு அவரை அளக்கிறோமா? சம்மதித்தாரா என்றல்லவா கேட்கிறோம்? போஷ் இந்தக் காட்சியையும் தீட்டியிருக்கிறார். அப்படம் லிஸ்பன் நகரில் இருக்கிறது.

அர்ச். பெர்நார்து ஏறக்குறைய 1125-ல் மடங்களிலுள்ள கோர உருவச் சிற்பங்களைக் கண்டித்து எழுதியது உண்மையே. ஆனால் என்ன காரணம் சொன்னார்? சந்நியாசிகள் வாசிப்பையும் தியானத்தையும் விட்டு அவற்றை வேடிக்கை பார்த்துப் பொழுது போக்குவார்களே, பணமும் வீணாகிறதே என்றார். பார்த்தவர்கள் கெட்டவர்கள் என்று அவர் முடிவு கட்டவில்லை. அவர் அச்சிற்பங்களை அங்கம் அங்கமாய் விவரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அவரே சற்று நின்று பார்த்திருப்பார் போலிருக்கிறது!

இதனால் எந்தப் படமானாலும் குற்றமில்லை என்று சொல்ல வரவில்லை. பிறனை அவமானப்படுத்தி அதில் இன்பம் காட்டும் படம் உண்டு. கற்பைக் குலைக்கவே எடுத்த படம் உண்டு. அவற்றின் தீமை விசித்திரத்தில் இல்லை. அழகாய், கண்ணுக்குக் குளிர்ச்சியாய் இருக்கும் படத்திலும் அது ஒளிந்திருக்கலாம். கொம்பும் வாலும் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறவர்கள் அதைக் கவனியாமல் விட்டுவிடுவார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பிலிப்பு அரசரே ஒரு வழி காட்டியிருக்கிறார். 1582-ல் லிஸ்பன் நகரில் நடந்த ஒரு சுற்றுப்பிரகாரத்தைப் பற்றித் தம் பெண்மக்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் வந்த பசாசு வேஷங்கள் போஷ் வரைந்த படங்களைப் போல் இருந்தனவென்றும், தம் சிறு மகன் கண்டிருந்தால் பயந்திருப்பான் என்றும் குறிப்பிட்டார். தமக்குப் பிரியமான படங்கள் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகுமா என்று அந்தத் தகப்பன் யோசித்திருக்கிறார். உங்கள் மகன் வரைந்த அந்த மனிதத் தலைத் தேளைக் கண்டால், முதலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யார், எங்கே போகிறது?" என்று கேளுங்கள்.